வேலை இருந்தது, பெயர் இல்லை

“அக்கா, நான் ஆறு கட்டுரையும் அனுப்பிட்டேன். சார் நான் ஒண்ணுகூட அனுப்பலன்னு சொல்றாரு. அப்பாவுக்கும் போன் பண்ணிட்டாரு.”

கடந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு புலனத்தில் எனக்கு வந்த குரல் பதிவு இது. பேசியவர் படிவம் ஐந்து மாணவி. பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வீடு. சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறிச் சுங்கைப்பட்டாணிக்கு வந்து, தன்னார்வலர்கள் நடத்தும் எஸ்.பி.எம். தமிழ் வகுப்பில் படிக்கிறார்.

அந்த வகுப்புக்கு ஒரு சிறிய இணையத்தளம் உண்டு. அதைச் செய்தவள் நான். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முந்தைய விடுமுறையில் வீட்டிற்கு வந்திருந்தபோது, “புலனத்துல கட்டுரை வாங்கினா எது யாரோடதுன்னே தெரியல, ஒரு வழி பண்ணிக் கொடும்மா” என்று ஆசிரியர் கேட்டார். செய்து கொடுத்தேன். மாணவர்கள் நோட்டில் கட்டுரை எழுதி, படம் பிடித்து, தளத்தில் ஏற்ற வேண்டும். ஆசிரியருக்கு ஒரு பட்டியல் தெரியும்: யார் அனுப்பினார், யார் அனுப்பவில்லை. எல்லாக் கட்டுரைகளையும் அனுப்பியவர்களுக்கு மாதக் கடைசியில் பேருந்துக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

அந்தத் தங்கையின் பெயருக்கு நேரே ஆறு வாரமாக வெறும் கட்டங்கள்தாம் இருந்தன. ஆசிரியர் வருத்தப்பட்டு அவருடைய அப்பாவை அழைத்திருக்கிறார். அப்பா கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, “படிக்காத பிள்ளைக்கு எதுக்கு பஸ் காசு” என்று கேட்டிருக்கிறார். அம்மாவின் கைப்பேசியில் இருந்துதான் எனக்குப் பேசியிருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் தோன்றியது, ‘இவர் அனுப்பாமலே அனுப்பியதாகச் சொல்கிறாரோ’ என்பதுதான். தளம் நன்றாக ஓடுகிறதே, மற்றவர்களுடையது வருகிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்பதை மறுநாள் காலை தெரிந்துகொண்டேன். நம்மில் பலர் நாளை நிரல் எழுதப் போகிறவர்கள், எழுதாதவர்களும் தினம் ஏதாவது ஒரு தளத்தில் படிவம் நிரப்புகிறவர்கள் என்பதால் அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

பெரட்டுக் களமும் துண்டுச் சீட்டும்

கதைக்குள் போவதற்கு முன் ஓர் அடிப்படை. நாம் பார்க்கும் ஒவ்வோர் இணையப் பக்கத்தையும் உலாவி ஒரு சர்வரிடம் கேட்டு வாங்குகிறது. கேட்கும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். டிம் பெர்னர்ஸ் லீ 1990களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வு மையத்தில் உருவாக்கிய இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு ஞாபகம் கிடையாது. ஒரு விநாடிக்கு முன் நீங்கள்தான் கேட்டீர்கள் என்பது அடுத்த விநாடி அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் நீங்கள் புது ஆள்.

என் பாட்டி இதே கெடாவில் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்ன பெரட்டுக் கதைகளை வைத்துத்தான் எனக்கு இது விளங்கியது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் பதிந்தால்தான் அன்றைய சம்பளம். நேற்று வந்தவர் என்பதற்காக இன்றைக்குப் பெயர் தானாக விழாது. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பதிய வேண்டும்.

சில நாள்களில் வேறு டிவிசனுக்கு ஆள் அனுப்புவார்களாம். அப்போது கிராணி ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அங்கே உள்ள கிராணி அந்தச் சீட்டைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொள்வார். ஒருநாள் மழையில் பாட்டியின் சீட்டு நனைந்து கூழாகிவிட்டது. அந்த டிவிசன் செக்ரோலில் அவருக்குப் பெயர் இல்லை. இங்கே உள்ள செக்ரோலில் ‘வரவில்லை’ என்று விழுந்துவிட்டது. நாள் முழுக்கக் குனிந்து புல் வெட்டியும் சம்பளம் இல்லை. “வேல இருந்திச்சி, பேர் இல்ல” என்று பாட்டி இன்றும் சொல்வார்.

இணையத்திலும் இந்தத் துண்டுச் சீட்டு உண்டு. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொந்துல்லி என்ற இளைஞர் ‘குக்கி’ என்ற வழியைக் கொண்டுவந்தார். நீங்கள் உள்நுழைந்ததும் சர்வர் ஒரு சிறிய குறிப்பை உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி அடுத்தடுத்த ஒவ்வொரு கேள்வியோடும் அதைத் திருப்பிக் காட்டுகிறது. குக்கி இல்லாத பழைய வழி ஒன்றும் உண்டு. சர்வரே வாசலில் நின்று பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். உலாவி அவற்றை ஒவ்வொரு கேள்வியின் தலைப்பகுதியிலும் வைத்து அனுப்பும். அடிப்படைச் சரிபார்ப்பு என்று அதைச் சொல்லலாம். அதில் கடவுச்சொல் பூட்டப்படுவதில்லை, வெறும் எழுத்து மாற்றம் மட்டுமே. எனவே எச்.டி.டி.பி.எஸ். இல்லாத தளத்தில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

நான் செய்த தளத்தில் இருந்தது இந்தப் பழைய வழிதான். ‘வகுப்பு’ என்ற கோப்புறைக்குப் பூட்டுப் போட்டிருந்தேன். பூட்டைத் திறந்து வருபவரின் பெயரை அப்பாச்சி சர்வர் ‘ரிமோட் யூசர்’ என்ற பெட்டியில் எழுதி என் நிரலிடம் கொடுக்கும். நிரல் அதைப் படித்துக் கட்டுரையோடு சேமிக்கும். எளிய ஏற்பாடு. எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

இரண்டு வகை வழிமாற்றம்

‘ரீடைரக்ட்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்ட முகவரிக்குப் பதிலாக வேறு முகவரிக்கு அனுப்பிவைப்பது. இதில் இரண்டு வகை உண்டு. பாடநூலில் படித்தபோது இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக் கடந்துவிட்டேன்.

முதல் வகையில் சர்வர் உலாவியிடம், “இங்கே இல்லை, அங்கே போய்க் கேள்” என்று சொல்லி அனுப்பும். 301, 302, 303, 307, 308 ஆகிய எண்கள் இந்த வகைப் பதில்கள். உலாவி புதிய முகவரிக்குத் தானே மறுபடியும் போகும். மேலே உள்ள முகவரிப் பட்டையில் மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது வகை சர்வருக்குள்ளேயே நடப்பது. உலாவி கேட்ட முகவரி ஒன்று, உள்ளே வேலை செய்யும் நிரல் வேறொன்று. உலாவிக்கு இது தெரியவே தெரியாது. முகவரிப் பட்டையும் மாறாது. நீண்ட, அசிங்கமான முகவரிகளை மறைத்து அழகான முகவரி காட்டுவதற்கு இதைப் பயன்படுத்துவார்கள்.

கடந்த ஆகஸ்டில் நானும் அந்த அழகுக்கு ஆசைப்பட்டேன். தளத்தில் அறிவிப்புப் பகுதி ஒன்றையும் சேர்க்க வேண்டியிருந்ததால், எல்லா வேலையையும் ஒரே பொது நிரலுக்கு மாற்றி, அதைப் பூட்டிய கோப்புறைக்கு வெளியே வைத்தேன். ‘வகுப்பு’ கோப்புறைக்குள் எந்தப் புதிய முகவரி கேட்டாலும் உள்ளுக்குள்ளேயே இந்தப் பொது நிரலுக்குத் திருப்பிவிடும் விதி ஒன்றை எழுதினேன். நானே உள்நுழைந்து ஒரு படத்தை ஏற்றிப் பார்த்தேன். ‘பதிவாகிவிட்டது, நன்றி’ என்று வந்தது. மடிக்கணினியை மூடிவிட்டேன். பட்டியலில் என் பெயர் விழுந்ததா என்று பார்க்கவில்லை. நான் செய்த முதல் தவறு அது.

தேடிய விதம்

சனிக்கிழமை காலை மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி: யாருக்கு நடக்கிறது, யாருக்கு நடக்கவில்லை? வகுப்பில் 18 பேர். அவர்களில் 5 பேருக்கு மட்டும் ஆகஸ்டு நடுவிலிருந்து கட்டங்கள் காலியாகத் தொடங்கியிருந்தன. மற்ற 13 பேருக்கும் குறை இல்லை. எல்லாருக்கும் கெட்டிருந்தால் ஆசிரியர் தளத்தைச் சந்தேகித்திருப்பார். 5 பேருக்கு மட்டும் என்பதால் மாணவர்களைச் சந்தேகித்தார்.

இரண்டாவது கேள்வி: அந்த 5 பேருக்கும் பொதுவானது என்ன? ஒவ்வொருவரையும் அழைத்து, “தளத்தை எப்படித் திறக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். 13 பேரும் முன்பே சேமித்து வைத்த பழைய முகவரியைப் பயன்படுத்துகிறார்கள். பழைய நிரல் பூட்டுக்குள்ளேயே இருந்தது, நான் அதை அழிக்கவில்லை. 5 பேர் நான் குழுவில் புதிதாக அனுப்பிய அழகான முகவரியைத் தட்டித் திறக்கிறார்கள். அந்தத் தங்கை ஆகஸ்டில் கைப்பேசியை மாற்றியவர். பழைய சேமிப்பு போய்விட்டதால் புதிய முகவரிக்கு வந்திருக்கிறார்.

மூன்றாவது கேள்வி: அனுப்பிய கட்டுரைகள் எங்கே? சர்வரில் தேடினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் 23 படங்கள் ஒரு மூலையில் சேர்ந்திருந்தன. நோட்டுத் தாள்கள், மேசை விரிப்பு, ஒரு படத்தின் ஓரத்தில் தேநீர்க் குவளை. கட்டுரைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பெயர்கள்தாம் இல்லை.

பாட்டியின் வாசகம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சர்வரின் லாக் பதிவேட்டையும் புரட்டினேன். யார், எந்த நேரத்தில், எதைக் கேட்டார் என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். புதிய முகவரிக்கு வந்த வரிகளில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. பூட்டைத் திறக்காமல் யாரும் உள்ளே வந்திருக்க முடியாது. பிறகு ஏன் கோடு?

சோதனைக்காக ஒரு பக்கம் எழுதினேன். சர்வர் நிரலிடம் கொடுக்கும் எல்லாப் பெட்டிகளையும் அப்படியே அச்சிட்டுக் காட்டும் பக்கம் அது. புதிய முகவரி வழியாக உள்நுழைந்து பார்த்தேன். ‘ரிமோட் யூசர்’ பெட்டியே இல்லை. சில வரிகள் கீழே வேறொரு பெட்டி இருந்தது. அதன் பெயர் ‘ரீடைரக்ட் ரிமோட் யூசர்’. அதற்குள் என் பெயர்.

பெயர் எங்கே போனது?

நடந்தது இதுதான். மாணவர் பூட்டிய கோப்புறையின் வாசலுக்கு வந்தார். சர்வர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விட்டது. அடுத்த கணமே என் விதி அவரைப் பூட்டுக்கு வெளியே இருக்கும் பொது நிரலுக்குத் திருப்பியது. அப்பாச்சியின் கணக்கில் இது ஒரு புதிய உள்கேள்வி. புதிய இடத்தில் பூட்டு இல்லை, ஆகவே அங்கே யாரையும் சரிபார்க்கவில்லை, ஆகவே அந்த இடத்திற்கு ‘ரிமோட் யூசர்’ கிடையாது. முந்தைய இடத்தில் சரிபார்த்த பெயரை அது தூக்கி எறியவும் இல்லை. ‘வழிமாற்றத்துக்கு முன் இருந்த பெயர்’ என்று அடையாளம் போட்டு வேறு பெட்டியில் வைத்தது. என் நிரலுக்கு அந்தப் பெட்டியைத் தெரியாது.

லாக் பதிவேட்டில் கோடு விழுந்ததற்கும் காரணம் இதுவே. பெயரைப் பதியும்போது அப்பாச்சி வழக்கமாகக் கடைசிக் கேள்வியைத்தான் பார்க்கும். முதல் கேள்வியில் இருந்த பெயர் வேண்டுமென்றால், லாக் அமைப்பில் பெயரைக் குறிக்கும் எழுத்துக்கு முன்னால் ‘<’ என்ற குறியைச் சேர்க்க வேண்டும். பூட்டு இல்லாத இடத்துக்கு உள்ளேயே திருப்பப்படும் பயனரின் பெயரைப் பதிய இப்படிச் செய்யலாம் என்று அப்பாச்சியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

சர்வர் செய்ததில் பிழை இல்லை. வேறு டிவிசனுக்கு ஆளை அனுப்பியவள் நான். சீட்டை எங்கே தேட வேண்டும் என்று அங்குள்ள கிராணிக்குச் சொல்லாமல் விட்டவளும் நான்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. பெயர் காலியாக இருந்தால் என் நிரல் என்ன செய்ய வேண்டும்? “நீங்கள் யார் என்று தெரியவில்லை, மறுபடி உள்நுழையுங்கள்” என்று நிறுத்தியிருக்க வேண்டும். அப்படி நிறுத்தியிருந்தால் முதல் வாரமே யாராவது என்னிடம் சொல்லியிருப்பார்கள். என் நிரல் காலிப் பெயரையும் ஒரு பெயராக ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பியது. ஆறு வாரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சரிசெய்தது எப்படி?

விசயத்தைக் கேட்ட ஒரு நண்பன், “முகவரியிலேயே பெயரை ஒட்டி அனுப்பிடு, சுலபம்” என்றான். சுலபம்தான். ஆனால் முகவரிப் பட்டையில் இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் அழித்து வேறு பெயர் எழுதலாம். ஒருவர் இன்னொருவராக நுழைய நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். பெயர் எப்போதும் சர்வர் சரிபார்த்த இடத்தில் இருந்துதான் வர வேண்டும்.

நான் செய்தவை நான்கு. கட்டுரையை வாங்கும் நிரலை மறுபடி பூட்டுக்குள்ளேயே கொண்டுவந்தேன். உள்வழிமாற்றமும் பூட்டிய இடத்துக்குள்ளேயே முடிவதால், பெயர் பழையபடி ‘ரிமோட் யூசர்’ பெட்டியிலேயே வந்தது. காலிப் பெயர் வந்தால் ஏற்காமல் நிறுத்தச் செய்தேன். ‘பதிவாகிவிட்டது’ என்ற வரிக்குப் பதிலாக, ‘இன்னாரின் கட்டுரை, இத்தனை மணிக்குப் பதிவாகிவிட்டது’ என்று பெயரோடு காட்டச் செய்தேன். இனி தவறு நடந்தால் மாணவர் கண்ணிலேயே முதலில் படும். கடைசியாக, அந்தச் சோதனைப் பக்கத்தை அழித்தேன். சர்வரின் உள்விவரங்களைக் காட்டும் பக்கத்தை யாரும் பார்க்கும்படி விட்டுவைப்பது ஆபத்து.

பெயர் தொலையும் மற்ற இடங்கள்

என்னுடையது உள்ளே நடந்த வழிமாற்றம். நீங்கள் அதிகம் சந்திக்கக்கூடியது முதல் வகை. உள்நுழைந்த உடனே மறுபடியும் உள்நுழைவுப் பக்கமே வந்து நிற்கிறதா? காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்.

ஒன்று, முகவரியின் முன்னால் வரும் மூன்று டபிள்யூ. அது இருக்கும் முகவரியும் இல்லாத முகவரியும் உலாவிக்கு இரண்டு வெவ்வேறு வீடுகள். சர்வர் தனியாகச் சொல்லியிருந்தால் தவிர, ஒரு வீட்டின் குக்கியை உலாவி அடுத்த வீட்டில் காட்டாது.

இரண்டு, எச்.டி.டி.பி.எஸ். முகவரியில் ‘பாதுகாப்பு’ அடையாளத்தோடு கொடுத்த குக்கி, சாதாரண எச்.டி.டி.பி. முகவரிக்குத் திருப்பப்பட்டால் கூடவே போகாது.

மூன்று, வேறு தளத்துக்குப் போய்த் திரும்பும் பயணம். கட்டணம் செலுத்தும் தளத்துக்குப் போய் வருவது ஓர் எடுத்துக்காட்டு. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80ஆம் பதிப்பிலிருந்து, வேறு தளத்திலிருந்து வரும் கேள்விகளோடு குக்கியை அனுப்பும் விதி இறுக்கமானது.

நான்கு, 301, 302 எண்கள். படிவத்தை அனுப்பும்போது இந்த எண்களில் வழிமாற்றம் வந்தால், உலாவிகள் படிவத்தை விட்டுவிட்டு வெறும் பக்கத்தை மட்டும் கேட்பது வழக்கம். படிவமும் சேர்ந்து போக வேண்டுமென்றால் 307 அல்லது 308 வேண்டும்.

எல்லாத் தொலைவும் பிழை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நிரலாளர்கள் அதிகம் பயன்படுத்தும் கர்ல் என்ற கருவி ஒரு காலத்தில், நாம் தனியாக எழுதிக் கொடுத்த அடையாளத் தலைப்பை வழிமாற்றத்தில் எந்தத் தளத்துக்கும் தூக்கிக்கொண்டு போகும். திருட்டுத் தளம் ஒன்றுக்குத் திருப்பிவிட்டால் கடவுச்சொல்லும் அங்கே போய்விடும். 2018 ஜனவரியில் வந்த 7.58.0 பதிப்பில் அதை நிறுத்தினார்கள். இப்போது வேறு தளத்துக்குத் திருப்பினால் அது அடையாளத்தைக் கொண்டுபோகாது. அறிமுகமில்லாத வாசலில் அடையாள அட்டையை நீட்டக்கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே நியாயம்.

உங்களுக்கு நான்கு வார்த்தை

உதவித்தொகை, உயர்கல்வி விண்ணப்பம், பாட ஒப்படைப்பு என எல்லாமே இணையத்தில்தான். ஆகவே, அனுப்பி முடித்ததும் திரையைப் படம் பிடித்து வையுங்கள், அதில் நேரமும் தெரியட்டும். உங்கள் பெயரோடு உறுதிப்பாடு வந்ததா என்று பாருங்கள். வெறும் நன்றி போதாது. முகநூல், இன்ஸ்தாகிராம் செயலிக்குள்ளேயே தளத்தைத் திறக்காதீர்கள். அந்த உள் உலாவியின் குக்கிகள் வேறு, உங்கள் வழக்கமான உலாவியின் குக்கிகள் வேறு. கடைசி நாள் இரவு வரை காத்திருக்காதீர்கள், கோளாறு வந்தால் சொல்லக்கூட ஆள் இருக்காது.

நிரல் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. “அனுப்பினேன்” என்று ஒருவர் சொன்னால், அவரைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலை, 23 படங்களையும் அச்செடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். சிலவற்றில் மேல் மூலையில் பெயர் இருந்தது. மற்றவற்றைக் கையெழுத்தைப் பார்த்தே அவர் பிரித்துவிட்டார். தங்கையின் ஆறு கட்டுரைகளும் கிடைத்தன. அவர் எடுத்து வைத்திருந்த திரைப்படங்களின் நேரமும் சர்வரில் இருந்த நேரமும் ஒத்துப்போயின.

ஆசிரியர் அங்கேயே கைப்பேசியை எடுத்து அவருடைய அப்பாவை அழைத்தார். “உங்க பிள்ள மேல தப்பு இல்லைங்க, தப்பு எங்க பக்கம்” என்றார். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நானும் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதிகம் பேசவில்லை. “பிள்ள ரெண்டு நாளா சாப்பிடல. நீங்களே சொல்லிடுங்கம்மா” என்று மட்டும் சொல்லி மகளிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவர் பேருந்தில் வகுப்புக்கு வந்தார். ஆறு வாரக் கட்டணமும் ஒன்றாகக் கிடைத்தது. ஏழாவது கட்டுரையை என் முன்னாலேயே ஏற்றிவிட்டு, திரையில் வந்த தன் பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகுதான் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார்.